நிம்மதியாகத் தங்கிய ஹோட்டலுக்கும் நீண்ட தூர பிசினஸ் கிளாஸ் பயணத்துக்கும் உருப்படியாக ரிவியூ எழுதுவது எப்படி?

மோசமான ஹோட்டலைப் பற்றி எழுதுவது சுலபம். ஒழுகும் குழாய், கரப்பான், போனை எடுக்காத ரிசப்ஷன் என்று விஷயம் தானாகவே வந்து நிற்கும். நன்றாக இருந்த இடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால்தான் கை ஓடாது. "அறை வசதியாக இருந்தது, ஊழியர்கள் அன்பாகப் பழகினார்கள், மறுபடியும் வருவோம்" என்று மூன்று வரியில் சரக்கு தீர்ந்துவிடும். அந்த மூன்று வரியை எந்த ஊர் ஹோட்டலுக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம்.

வசதி என்று நாம் சொல்வது பெரும்பாலும் தொந்தரவு இல்லாத நிலையைத்தான். சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை, குளிர் இல்லை, காத்திருப்பு இல்லை. எந்தத் தொந்தரவு எதனால் இல்லாமல் போனது என்று தேடிப் பிடித்து எழுதினால், படிக்கிறவர் தனக்கும் அது நடக்குமா என்று கணக்குப் போட்டுக்கொள்வார். ரிவியூவின் வேலை அவ்வளவுதான்.

மாறுவது, மாறாதது

எழுதத் தொடங்கும் முன் பார்த்ததையெல்லாம் இரண்டு கூடையில் போடுங்கள். சுவர், ஜன்னல், கட்டில், ஷவர், விமான இருக்கையின் அகலம், படுக்கையின் நீளம் எல்லாம் நாளைக்கும் அப்படியே இருக்கும். சாப்பாடு, பணியாளரின் மனநிலை, ரிசப்ஷனில் இருந்த கூட்டம், விமானம் கிளம்பிய நேரம் எல்லாம் அன்றைக்கு மட்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது முதல் கூடைக்குப் பொருந்தும். இரண்டாவது கூடைக்குப் பொருந்தாது. ஒரு இரவுச் சேவையை வைத்து "இந்த ஏர்லைனின் சேவையே இப்படித்தான்" என்று எழுதுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். மாறாதவற்றை உறுதியாக எழுதுங்கள். மாறுபவற்றைத் தேதியோடும் நேரத்தோடும் எழுதுங்கள்.

விமானத்தையும் ஹோட்டலையும் ஒரே பயணத்தில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 14 மணி நேரம் பறந்து வந்த உடம்புக்கு எந்த மெத்தையும் சொர்க்கம்தான். ஜெட் லேக்கில் அதிகாலை 3 மணிக்கு விழித்துக்கொண்டால் குற்றம் மெத்தையுடையதும் அல்ல. தூக்கத்தைப் பற்றிய தீர்ப்பை இரண்டாவது இரவுக்குத் தள்ளிவையுங்கள். ஒரே இரவுதான் தங்கினீர்கள் என்றால், எத்தனை மணி நேரப் பயணத்துக்குப் பிறகு படுத்தீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

3 மீட்டர் இஞ்சி டேப், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர், போன். இதற்கு மேல் தேவையில்லை. போனிலுள்ள சத்தம் அளக்கும் செயலி ஆய்வுக்கூடக் கருவி அல்ல. அது காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஆனால் ஒரே போனில் இரண்டு இடங்களை அளந்து ஒப்பிட்டால் பயன்படும்.

குறிப்புகளை அப்போதைக்கப்போது எழுதுங்கள். "இரவு 9:40, தலையணை கேட்டேன், 9:52, வந்தது" என்ற அளவில் போதும். வீடு திரும்பிய பிறகு யோசித்தால் 12 நிமிடம் "கொஞ்ச நேரம்" ஆகியிருக்கும். கோபத்தில் இருந்தால் "அரை மணி நேரம்" ஆகியிருக்கும்.

அறைக்குள் முதல் 20 நிமிடம்

பெட்டியைக் கட்டிலில் வைக்காதீர்கள். முதலில் மெத்தையின் தலைமாட்டு மூலையில் விரிப்பைத் தூக்கித் தையலைப் பாருங்கள். மிளகுப்பொடி தூவியது போல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று பொருள். உடனே அறையை மாற்றச் சொல்ல வேண்டும். அது சரியாக இருந்தால் போட்டோ எடுங்கள். அறை கலையாமல் இருப்பது இந்த ஒரு தருணத்தில் மட்டும்தான். வாசலில் நின்று ஒன்று, ஜன்னலிலிருந்து திரும்பி ஒன்று, குளியலறையில் ஒன்று. மிக அகலமான லென்ஸில் எடுத்தால் 18 சதுர மீட்டர் அறை கல்யாண மண்டபம் மாதிரித் தெரியும், அதைத் தவிருங்கள். பரப்பளவைவிடக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டர், இரண்டு பெரிய பெட்டியைத் தரையில் திறந்து போட இடம் இருக்கிறதா என்பதே படிக்கிறவருக்கு உதவும். விளம்பரத்தில் வரும் பரப்பளவில் குளியலறையும் வாசல் நடையும் சேர்ந்திருப்பது வழக்கம்.

சுத்தம் பார்ப்பதற்கு நடுத்தரையைப் பார்த்துப் பயனில்லை. அதை எல்லோரும் துடைப்பார்கள். கெட்டிலின் உட்புறம், டிவி ரிமோட், தலைமாட்டுப் பலகையின் மேல்விளிம்பு, குளியலறைக் கதவின் பின்பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். அழுக்கையும் பழசாகிப் போனதையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். ஷவர் ஓரத்தில் சிலிக்கான் கறுத்திருந்தால் அது பராமரிப்புக் குறை. வடிகாலில் முடி கிடந்தால் அன்று சுத்தம் செய்தவரின் குறை. முன்னது அடுத்த மாதமும் இருக்கும். பின்னது நாளைக்கே இருக்காது.

ஷவருக்கு ஒரு லிட்டர் பாட்டில் சோதனை போதும். ஷவர் கைப்பிடியைக் கழற்ற முடிந்தால் பாட்டில் வாயில் பிடித்து, அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். 6 விநாடி என்றால் நிமிடத்துக்கு 10 லிட்டர். நீண்ட முடியை அலசப் போதும். 10 விநாடி என்றால் 6 லிட்டர். ஷாம்பு போகத் தாமதமாகும். "தண்ணீர் நன்றாக வந்தது" என்பதைவிட இந்த ஒரு எண் மேல். சூடான தண்ணீர் வர எத்தனை விநாடி ஆனது, காலை 7 மணிக்கும் அதே சூடு இருந்ததா, குளித்து முடித்தபோது காலடியில் தண்ணீர் தேங்கியிருந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா அறையிலும் ஒரே சமயத்தில் குளிக்கும் நேரத்தில்தான் குழாயின் உண்மை தெரியும்.

தூக்கம் எதனால் வந்தது?

நகர ஹோட்டல் ரிவியூவில் அதிக இடம் பெற வேண்டியது இதுதான். லாபியில் தொங்கும் சரவிளக்குக்குக் கொடுக்கும் பத்தியில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள்.

சத்தத்தை அறைக்குள் நின்று மூன்று நேரத்தில் கேளுங்கள்: இரவு 10 மணி, விழிப்பு வந்தால் நள்ளிரவுக்குப் பின், காலை 6 மணி. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல், படுக்கையறையில் தொடர்ந்து வரும் இரவுச் சத்தம் 30 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. போன் செயலியால் அந்த அளவைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. அதனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லுங்கள். பக்கத்து அறையோடு சேரும் இணைப்புக் கதவு பல அறைகளில் முதல் எதிரி. சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அந்தக் கதவின் அடி இடுக்கு வழியாகப் பேச்சு வந்துவிடும். லிஃப்ட், ஹவுஸ்கீப்பிங் அறை, மேல் மாடியில் ஜிம், கீழே குப்பை லாரி வந்து நிற்கும் சந்து ஆகியவை அடுத்த எதிரிகள். உங்கள் அறை லிஃப்டிலிருந்து எத்தனையாவது கதவு, எந்த மாடி, தெருவைப் பார்த்ததா உள்முற்றத்தைப் பார்த்ததா என்று எழுதிவிட்டால், அடுத்தவர் அறை கேட்கும்போதே அதைச் சொல்லிக் கேட்பார்.

வெளிச்சத்துக்கு ஒரு சோதனை: பகலில் திரைச்சீலையை மூடி, விளக்கணைத்து, 2 நிமிடம் பொறுத்துக் கையை முகத்துக்கு முன் நீட்டுங்கள். விரல்கள் எண்ணத் தெரிந்தால் வெளிச்சம் கசிகிறது. எங்கே கசிகிறது என்று பாருங்கள். இரண்டு திரையும் நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருந்தால் விடியற்காலையில் ஒரு கோடு வெளிச்சம் சரியாகத் தலையணையில் விழும். ஹேங்கரில் இருக்கும் கிளிப்பால் அதைப் பிடித்துவைக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதினால் புண்ணியம். டிவியின் சிவப்பு விளக்கு, ஏசி பலகையின் நீல விளக்கு ஆகியவையும் கணக்கில் சேரும்.

ஏசியை 23 டிகிரியில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்துத் தலையணைப் பக்கம் வைத்த தெர்மாமீட்டரைப் பாருங்கள். 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எழுதத் தகுந்த விஷயம். காற்று நேராக முகத்தில் அடிக்கிறதா என்பது அதைவிட முக்கியம். சில அறைகளில் ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார் இருக்கும். தூங்குகிறவர் அசையாமல் இருப்பதால் அறை காலி என்று நினைத்து ஏசியை அணைத்துவிடும். நடு இரவில் வியர்த்து விழித்துக்கொண்ட பலருக்கு ஏன் என்றே தெரியாது. கட்டிலிலிருந்து கையை ஆட்டியதும் ஏசி உயிர் பெற்றால் காரணம் அதுதான்.

இரட்டைக் கட்டில் என்று சொல்லி இரண்டு ஒற்றைக் கட்டிலைச் சேர்த்துப் போட்டிருந்தால் நடுவில் பள்ளம் விழும். தம்பதியாகப் போகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும். மெத்தை "மென்மை" என்று சொல்லும்போது உங்கள் எடை, உயரம், மல்லாந்து படுப்பவரா ஒருக்களித்துப் படுப்பவரா என்பதைச் சொல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லை. 55 கிலோ உடம்புக்குக் கெட்டியாகப்படும் மெத்தை 95 கிலோவுக்கு அமுங்கும்.

மற்றவை, சுருக்கமாக

கட்டிலின் இருபுறமும் பிளக் பாயின்ட் இருக்கிறதா, வாசலருகே சுவரில் செருகிய கீ கார்டை எடுத்த பிறகும் அதில் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். லேப்டாப்பை சார்ஜ் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்த் திரும்பினால் 20 சதவீதத்திலேயே நிற்பது இதனால்தான். வைஃபை வேகத்தைக் காலையில் ஒருமுறை, எல்லோரும் அறைக்குத் திரும்பியிருக்கும் இரவு 9 மணிக்கு ஒருமுறை அளந்து, பதிவேற்ற வேகத்தையும் எழுதுங்கள். வீடியோ அழைப்பு திக்குவது பெரும்பாலும் அதில்தான். காலை உணவைப் பற்றி எழுதும்போது எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று சொல்லுங்கள். 7 மணிக்குப் பார்த்த முட்டையும் 9:45க்குப் பார்த்த முட்டையும் ஒன்றல்ல. "ரயில் நிலையம் 5 நிமிட நடை" என்று ஹோட்டல் சொன்னால், எந்த வாசலிலிருந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு போனால் எத்தனை நிமிடம், படிக்கட்டு உண்டா என்று நீங்கள் சொல்லுங்கள்.

வாடகையைத் தேதியோடும் கிழமையோடும் எழுத வேண்டும். வரி சேர்ந்ததா, காலை உணவு அடக்கமா, ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையா என்பதையும் சொல்ல வேண்டும். எந்த வகை அறைக்குப் பணம் கட்டி எந்த வகை அறை கிடைத்தது என்பதை விட்டுவிடவே கூடாது. மேல்நிலை அறைக்கு இலவசமாக மாற்றப்பட்டவர், அதைச் சொல்லாமல் புகழ்ந்து எழுதினால் அடுத்தவர் ஏமாறுவார்.

விமானத்தில் முதலில் குறிக்க வேண்டியது

ஃபிளைட் நம்பர், தேதி, விமான வகை, சீட் நம்பர், விமானத்தின் பதிவு எண். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே நிறுவனத்தின் போயிங் 777 விமானங்களிலேயே பழைய கேபின், புதிய கேபின் என்று இரண்டு மூன்று விதம் ஓடுவது உண்டு. "777இல் போனேன், சீட் அருமை" என்று படித்து டிக்கெட் போட்டவருக்குப் பழைய கேபின் வந்தால் பழி உங்கள் மேல்தான் விழும். பதிவு எண் விமானத்தின் உடலில் வால் பக்கம் எழுதியிருக்கும். லவுஞ்ச் ஜன்னலிலிருந்தே படித்துவிடலாம்.

அடுத்தது சீட் வரிசை. 1-2-1 என்றால் ஒரு வரிசையில் ஜன்னலோரம் ஒன்று, நடுவில் இரண்டு, மறு ஜன்னலோரம் ஒன்று; எல்லோருக்கும் நேராக நடைபாதை. 2-2-2 என்றால் ஜன்னலோரத்தில் இருப்பவர், தூங்குகிறவரின் காலைத் தாண்டித்தான் கழிவறைக்குப் போக வேண்டும். 1-2-1இலும் பல ரகம்: சீட் சாய்வாக ஜன்னலைப் பார்த்திருக்கும் வகை, நடைபாதையைப் பார்த்திருக்கும் வகை, ஒன்றுவிட்டு ஒன்று இடம் மாறி நிற்கும் வகை. கடைசி வகையில் ஒற்றைப்படை வரிசைக்கும் இரட்டைப்படை வரிசைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். ஒன்றில் சீட் ஜன்னலை ஒட்டி ஒதுங்கியிருக்கும்; மற்றதில் நடைபாதையை ஒட்டி, போகிற வருகிறவர் இடிக்கும்படி இருக்கும். அதனால் "ஜன்னல் சீட் வாங்குங்கள்" என்பது அரைகுறை அறிவுரை. எந்த வரிசை என்றும் சொல்லுங்கள்.

முழுத் தட்டையான படுக்கையை பிசினஸ் கிளாஸுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000இல் கொண்டுவந்தது. கத்தார் ஏர்வேஸ் 2017இல் கியூசூட் என்ற கதவு வைத்த சீட்டை அறிமுகப்படுத்தியது. இன்று நீண்ட தூரத்தில் தட்டைப் படுக்கை என்பது பெருமை இல்லை, அடிப்படை. ஆகவே "சீட் கட்டிலாக மாறுகிறது" என்று வியந்து பத்தியை வீணாக்க வேண்டாம்.

அளக்க வேண்டியது கால் வைக்கும் பொந்தை. பல வடிவமைப்புகளில் உங்கள் பாதம் முன் சீட்டுக்காரரின் பக்கவாட்டு மேசைக்கு அடியில் போகும். படுக்கை நீளம் 198 சென்டிமீட்டர் என்று காகிதத்தில் இருந்தாலும், அந்தப் பொந்து பாதத்தருகே 30 சென்டிமீட்டராகக் குறுகினால் ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்க முடியாது. புரளும்போது கட்டைவிரல் கூரையில் இடிக்கும். இஞ்சி டேப்பால் மூன்று அளவு எடுங்கள்: தோள் மட்டத்தில் அகலம், பொந்தின் அகலம், பொந்தின் உயரம். கேபினின் முதல் வரிசையில் முன்னால் சீட் இல்லாததால் பொந்து பெரும்பாலும் விசாலமாக இருக்கும். ஆனால் குழந்தைத் தொட்டில் மாட்டுவதும் பல விமானங்களில் அங்கேதான், பக்கத்தில் விமானத்தின் சமையலிடம் (galley) இருந்தால் பாத்திரச் சத்தமும் திரை இடுக்கு வெளிச்சமும் சேர்ந்து வரும்.

படுக்கை லேசாகச் சரிந்திருப்பதுபோல் தோன்றினால் சீட்டைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். நிலையான உயரத்தில் பறக்கும்போதும் விமானத்தின் மூக்கு 2, 3 டிகிரி மேலே தூக்கியே இருக்கும். உடம்பு கீழ்நோக்கி வழுக்கிக்கொண்டே இருந்தால் மட்டும் அது பழைய சாய்வுப் படுக்கை.

சாப்பாடும் கடிகாரமும்

விமானச் சாப்பாட்டை நாக்கை மட்டும் நம்பி எடை போடக் கூடாது. கேபின் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். மூக்கு வறண்டு மணம் குறையும். இன்ஜின் இரைச்சலும் சேர்ந்து உப்பும் இனிப்பும் மங்கும். பெரும்பாலான ஜெட் விமானங்களில் கேபின் அழுத்தம் 8,000 அடி உயர மலை அளவுவரை இறங்கலாம்; போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் அந்த எல்லை 6,000 அடி. இறங்கும்போது உடம்பு எவ்வளவு களைத்திருக்கிறது என்பதில் இதற்கும் பங்கு உண்டு. "உப்பு இல்லை" என்பது சமையல்காரரின் தவறாக இல்லாமல் இருக்கலாம். "இறைச்சி ஓரம் காய்ந்திருந்தது, சோறு நடுவில் ஆறியிருந்தது" என்றால் அது சூடுபடுத்தியதில் வந்த தவறு, தாராளமாக எழுதலாம்.

தட்டில் என்ன இருந்தது என்பதைவிட எப்போது வந்தது, எப்போது போனது என்பது இரவு விமானத்தில் பெரிய விஷயம். ஒரு குறிப்பு இப்படி இருக்கும்: "பறக்கத் தொடங்கி 50ஆவது நிமிடம் முதல் தட்டு, 1 மணி 55 நிமிடத்தில் மேசை காலி, இறங்க 1 மணி 45 நிமிடம் இருக்கும்போது விளக்கு எரிந்தது." 7 மணி நேரப் பயணத்தில் இந்தக் கணக்குப்படி தூங்கக் கிடைப்பது மூன்றரை மணி நேரம்கூட இல்லை. அதே சேவை 13 மணி நேரப் பயணத்தில் நிதானமான விருந்தாகத் தோன்றும். எல்லாத் தட்டையும் ஒரே தடவையில் கொண்டுவரச் சொல்லிக் கேட்டால் தருகிறார்களா என்பதையும் சேர்த்தால் இரவுப் பயணிகள் வாழ்த்துவார்கள்.

கேபின் சூடு, தலைக்கு மேல் தனிக் காற்றுத் துவாரம் இருக்கிறதா, சாப்பாட்டு மேசையில் லேப்டாப் தட்டும்போது ஆடுகிறதா, எத்தனை பேருக்கு ஒரு கழிவறை ஆகியவற்றையும் பாருங்கள். 42 சீட்டுக்கு 3 என்றால் 14 பேருக்கு ஒன்று; விடிந்ததும் வரிசை நிற்கும். 787இல் இழுத்து மூடும் ஜன்னல் மறைப்பு இல்லை. பொத்தானால் கண்ணாடியை மங்க வைக்கிறார்கள். வெயில் நேராக விழும் பக்கத்தில் நீலமாக ஒளி கசியும். கண்மறைப்பு தந்தார்களா என்பதை அங்கே எழுதுங்கள்.

தாமதத்தைச் சீட்டோடு கலக்காதீர்கள். பனிமூட்டத்தால் 3 மணி நேரம் தாமதமானதற்கு சேவையின் மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமில்லை. அந்த 3 மணி நேரத்தில் என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்பதற்கு மதிப்பெண் போடலாம். முன்னுரிமை அட்டை மாட்டிய பெட்டி கன்வேயரில் எத்தனையாவதாக வந்தது என்பதைப் பாருங்கள். அந்த அட்டை வெறும் அலங்காரமா என்பது அப்போது தெரிந்துவிடும்.

எழுதும்போது

தீர்ப்பை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்: யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது. பிறகு நீங்கள் யார் என்று ஒரு வரி: உயரம், தனியாகவா குடும்பத்தோடா, வேலையா சுற்றுலாவா, பணம் கட்டியா, ஏர்லைனில் சேர்த்த மைல் புள்ளியிலா, கடைசி நிமிட அப்கிரேடிலா. இலவசமாகத் தங்க வைத்தார்கள் என்றால் அதை அடியில் பொடி எழுத்தில் போடாமல் இங்கேயே போடுங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. "அறை அமைதியாக இருந்தது, நல்ல தூக்கம்" என்ற வரியை இப்படி மாற்றலாம்: "9ஆம் மாடி, லிஃப்டிலிருந்து 11ஆவது கதவு, உள்முற்றம் பார்த்த அறை. இணைப்புக் கதவு இல்லை. இரண்டு இரவும் ஏசியின் மெல்லிய இரைச்சல் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அதைக் குறைந்த வேகத்தில் வைத்தால் அதுவும் இல்லை. காலை 6 மணிக்கு முற்றத்தில் நாற்காலி இழுக்கும் சத்தம் 5 நிமிடம் வந்தது. திரைச்சீலை நடுவில் ஒரு சாண் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறது, விடிந்தது தெரியவில்லை." பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை, ஆனால் படித்தவர் அந்த அறையைத்தான் கேட்பார்.

குறையை எழுதும்போது பார்த்ததை எழுதுங்கள், நோக்கத்தை ஊகிக்காதீர்கள். "கெட்டிலுக்குள் பழைய தண்ணீர் இருந்தது" என்பது சாட்சி. "சுத்தம் செய்வதே கிடையாது" என்பது குற்றச்சாட்டு. குறையைச் சொன்னீர்களா, சொன்ன பிறகு எத்தனை நிமிடத்தில் என்ன நடந்தது என்பதைக் கட்டாயம் சேருங்கள். ஹோட்டலில் பிரச்சினை வருவது சகஜம், அது தீர்க்கப்படும் விதத்தில்தான் ஹோட்டலின் தரம் தெரியும். நன்றாகக் கவனித்தவரைப் பெயர் சொல்லிப் பாராட்டுவது அவருக்கு உதவும். தவறு செய்தவரின் பெயரைப் போடுவது வேலைக்கே உலை வைக்கலாம். அங்கே "இரவு ஷிஃப்ட் ரிசப்ஷன்" என்பது போதும்.

மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் மாறாதவற்றுக்கு ஒன்று, மாறுபவற்றுக்கு ஒன்று என்று இரண்டாகக் கொடுங்கள். நட்சத்திரங்களை அளவுகோலாக நம்ப வேண்டாம். ஹோட்டல் நட்சத்திரத்துக்கு உலகம் முழுக்கப் பொதுவான ஒரே விதி கிடையாது.

பதிவிடும் முன் போட்டோக்களை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். பக்கத்து சீட்டுக்காரரின் முகம், கண்ணாடியில் தெரியும் நீங்கள், பெட்டியில் தொங்கும் முகவரி அட்டை எல்லாம் அதில் இருக்கும். போர்டிங் பாஸின் பார்கோடில் உங்கள் பெயரும் முன்பதிவு எண்ணும் இருக்கின்றன. அவை இரண்டும் கிடைத்தால் பல ஏர்லைன் தளங்களில் யார் வேண்டுமானாலும் உங்கள் திரும்பும் டிக்கெட்டைத் திறந்துவிடலாம். பார்கோடை மங்கலாக்கினால் போதாது, வெட்டியே எடுத்துவிடுங்கள். தங்கியிருக்கும்போதே அறை எண்ணோடு பதிவிடுவதும் வேண்டாம்; காலி செய்த பிறகு போடலாம்.

பழுதைச் சரிசெய்துவிட்டதாக ஹோட்டல் பதில் எழுதினால் உங்கள் பழைய வரியை அழிக்காமல், கீழே தேதி போட்டு அந்தப் பதிலைச் சேருங்கள். ஏர்லைன் அந்த விமானத்தின் கேபினை மாற்றிவிட்டதாகத் தெரிந்தால் முதல் வரிக்கும் மேலே "பழைய கேபின்" என்று எழுதிவையுங்கள்.